திருக்கை என்னும் ஆயுதம்

கல்பாக்கம் அணு மையத்தில் தாமோதரன் இருபத்திரண்டு வருஷம் குழாய் வரைந்தார். கேலிக்குச் சொல்லவில்லை, வேலையே அதுதான். டிராஃப்ட்ஸ்மேன். எந்தக் குழாய் எந்த இடத்தில் வளைய வேண்டும், எந்த மூட்டுக்கு எத்தனை போல்ட் என்று மில்லிமீட்டர் பிசகாமல் வரைந்து கொடுப்பார். படத்தின் வலது மூலையில் ஒரு கட்டம் இருக்கும். சரிபார்த்தவர், பரிந்துரைத்தவர், ஒப்புதல் அளித்தவர் என்று மூன்று பேர் அதில் பெரிது பெரிதாகக் கையெழுத்துப் போடுவார்கள். வரைந்தவருக்கு இரண்டே எழுத்துக்குத்தான் இடம். அதற்காக அவர் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. மேலதிகாரி திருத்தச் சொன்னால் திருத்துவார், மனைவி வசந்தா கத்தரிக்காய் வாங்கச் சொன்னால் வாங்குவார், மகள் அனு சேனலை மாற்றச் சொன்னால் மாற்றுவார். அப்படிப்பட்ட சாது, விண்வெளியில் ஒரு ஆயுதம் எப்படிப் போக வேண்டும் என்ற விஷயத்தில் மட்டும் ஒரு நூலிழை விட்டுத்தர மாட்டார். அந்தப் பிடிவாதத்தில் தனக்கிருந்த ஒரே சிநேகிதரைத் தொலைத்தார். திரும்பப் பெற வழி தெரியாமல் ஆறு வருஷம் உள்ளுக்குள்ளேயே தவித்தார்.

சிநேகிதர் பெயர் ஆராவமுதன். அதே மையத்தின் நூலகத்தில் வேலை. திருவிடந்தைக் கோயிலில் தலைமுறை தலைமுறையாகக் கைங்கரியம் செய்கிற குடும்பம். அண்ணன் தம்பிகளில் இவர் மட்டும் சம்பள உத்தியோகத்துக்கு வந்து, மனைவி காமுவோடு செங்கல்பட்டில் குடியிருந்தார். தாமோதரன் வீடு ஊரப்பாக்கத்தில். காலை ஆறரைக்கு மையத்தின் பஸ் ஊரப்பாக்கத்தில் தாமோதரனை ஏற்றிக்கொண்டு, ஜி.எஸ்.டி. ரோட்டோடு செங்கல்பட்டு வந்து ஆராவமுதனை ஏற்றிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் தாண்டிக் கல்பாக்கம் போகும். பல வருஷம் இருவரும் ஒரே பஸ்ஸில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியபடி போனவர்கள்தான். முகம் தெரியும், பெயர் தெரியாது.

தொண்ணூற்று நாலில் ஒரு நாள் திருக்கழுக்குன்றத்துக்கு முன்னால் டயர் பஞ்சரானது. டிரைவர் சின்னையன் ஜாக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எல்லாரும் இறங்கிப் புளியமர நிழலுக்குப் போக, தாமோதரன் மட்டும் சீட்டிலேயே உட்கார்ந்து, செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு விண்கப்பல் வரைந்துகொண்டிருந்தார். குழாய் வரைந்து பழகிய கை என்பதால் கப்பலிலும் குழாய்கள்தான் அதிகம். பின் சீட்டிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"இந்தக் கப்பல் என்ன ஆயுதம் வச்சுண்டிருக்கு?"

வேறு யாராவது பார்த்திருந்தால், ஆபீஸ் பென்சிலில் இது என்ன வேலை என்று கேட்டிருப்பார்கள். இந்த ஆள் ஆயுதத்தைக் கேட்டார். தாமோதரனுக்கு அப்போதே அவரைப் பிடித்துப்போயிற்று. முன்னால் நாற்பது மிசைல், அடிவயிற்றில் இரண்டு டார்பிடோ என்றார். ஆராவமுதன் சற்று யோசித்தார். கடலில் சரி, ஒன்று ஆகாயத்தில் பறக்கிறது, ஒன்று தண்ணீருக்குள் போகிறது, பார்த்தாலே வேறுபாடு தெரிகிறது. விண்வெளியில் தண்ணீரே கிடையாதே, அங்கே இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்.

தாமோதரன் அந்தக் கேள்வியை வீட்டுக்கே கொண்டுபோனார். நாலு நாள் யோசித்தார். குழாயை வளைக்க மறந்ததில், மேலிருந்து ஒரு படத்தைத் திருப்பிக்கூட அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் நாள், செங்கல்பட்டில் ஆராவமுதன் ஏறியதும் ஏறாததுமாகப் பக்கத்து சீட்டில் போட்டிருந்த கர்ச்சீப்பை எடுத்துவிட்டு அவரை உட்காரச் சொல்லி ஆரம்பித்தார்.

அவர் கணக்குப்படி மிசைல் என்பது கடைசிவரை எரிந்துகொண்டே போவது. எரிவதால் அது வளையும், திரும்பும், எதிரி எங்கே ஓடினாலும் துரத்தும். எரிவதாலேயே எதிரிக்குத் தெரிந்தும் போகும். போலியாக ஒரு சூட்டுப் பந்தை வீசி அதை ஏமாற்றலாம், நடுவழியில் சுட்டும் வீழ்த்தலாம். உருவம் சின்னது, அடியும் சின்னது, அதனால்தான் ஒரு கப்பலுக்கு நாற்பது. அனுப்பியவன் மனம் மாறினால் ஒரு சமிக்ஞை கொடுத்துத் திருப்பிக் கூப்பிட்டுக்கொள்ளலாம். டார்பிடோ அப்படியில்லை. கப்பல் அதை வெளியே ஒரு தள்ளுத் தள்ளும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நெருப்பில்லை, சூடில்லை, வெளிச்சமில்லை. எதிரி இப்போது இருக்கிற இடத்துக்குப் போகாது, வரப்போகிற இடத்துக்குப் போய்க் கிடக்கும். வேகம் குறைவு, கனம் அதிகம், பட்டால் கப்பலே இரண்டாகப் பிளந்துபோகும். காது கிடையாது என்பதால் திருப்பிக் கூப்பிடவும் முடியாது.

"மிசைல் தொரத்தும் சாமி. டார்பிடோ படுத்துகினு கெடக்கும்" என்று முடித்தார்.

ஆராவமுதன், அப்படியானால் டார்பிடோவை அனுப்புகிறவன் எதிரியின் மனசைப் படித்தவனாக இருக்க வேண்டும், மிசைலை அனுப்புகிறவனுக்கு அது தேவையில்லை என்றார். குழாய் வரைபவர் இயந்திரமாகச் சொன்னதை நூலகத்துக்காரர் ஒரே வரியில் கதையாக்கிவிட்டார். அன்றைக்கே இருவரும் சேர்ந்து எழுதுவதென்று முடிவாயிற்று.

பஸ் முழுக்க இரண்டு கட்சியானது. சின்னையன் மிசைல் கட்சி. செய்யூர்க்காரர், எதையும் நேரடியாகச் செய்பவர். போனமா, அடிச்சமா, வந்தமான்னு இருக்கணும் அண்ணாத்த, படுத்துகினு கெடந்தா ஆவுமா என்பார். ரேடியோ கெமிஸ்ட்ரியில் இருந்த சுப்புராமன், எதிரியின் ராடாருக்கு எது தெரியும் என்று மூன்று நாள் கணக்குப் போட்டுவிட்டு டார்பிடோ கட்சிக்கு வந்து சேர்ந்தார். படித்த மனுஷர்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிற பயணத்தில் பேச வேறு விஷயமே இல்லாத மாதிரி இதையே பேசினார்கள்.

செங்கல்பட்டில் அப்போது பிரபாவதி டீச்சர் 'விண்ணகம்' என்று ஒரு மாதப் பத்திரிகை நடத்திவந்தார். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல், பெரியவர்களுக்கு ஒரு தொடர்கதை, அறுநூறு பிரதி. இவர்கள் கொண்டுபோன 'ஏழாம் மண்டலம்' அவருக்குப் பிடித்தது. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஆங்கிலச் சொல் ஒன்றுகூட வரக் கூடாது. மிசைலுக்கு ஏவுகணை இருக்கிறது, கவலையில்லை. டார்பிடோவுக்கு என்ன செய்வது? நீர்மூழ்கிக் குண்டு என்றால், நீர் எங்கே என்று டீச்சரே கேட்பார்.

இங்கேதான் தாமோதரனுக்குக் கோவளம் கைகொடுத்தது. அவர் பிறந்து வளர்ந்த ஊர். அப்பாவுக்கு பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே சைக்கிள் கடை. பத்து வயதில் கரையோரம் முழங்கால் தண்ணீரில் நடந்தபோது மணலுக்குள் தட்டையாகக் கிடந்த திருக்கை மீனை மிதித்துவிட்டார். வாலில் இருக்கிற முள் குதிகாலில் ஏறிவிட்டது. மூன்று நாள் காய்ச்சல். அந்த மீன் அவரைத் துரத்தி வரவில்லை, முறைத்துப் பார்க்கக்கூட இல்லை. இவர் வரப்போகிற இடத்தில் சும்மா கிடந்தது. இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்?

மறுநாள் பஸ்ஸில், எஞ்சின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார்.

"டார்பிடோவுக்குத் திருக்கைனு வெச்சிக்கலாம் சாமி. மீனு."

ஆராவமுதன் கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. தாமோதரனின் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டு மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஒரு மீன் பெயருக்கு இவ்வளவு சந்தோஷமா என்று தாமோதரனுக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. முட்டைகூடச் சாப்பிடாத மனுஷர், தன் மேல் உள்ள பிரியத்தில் ஏற்றுக்கொண்டார் என்று நினைத்துக்கொண்டார். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

தொண்ணூற்றைந்து ஜனவரியிலிருந்து மாதம் ஓர் அத்தியாயம். ஒற்றைப்படை எண்கள் தாமோதரனுடையவை, இரட்டைப்படை ஆராவமுதனுடையவை. கதையில் இரண்டு தளபதிகள். வடகூட்டத்துத் தளபதி நெடுங்கோ, தென்கூட்டத்துத் தளபதி யாழ்மொழி. ஒரே பள்ளியில் படித்தவர்கள், இப்போது எதிரெதிர்ப் படையில். நெடுங்கோவைத் தாமோதரன் கவனித்துக்கொண்டார், யாழ்மொழியை ஆராவமுதன். தாமோதரன் எழுதினால் ஒவ்வொரு கப்பலின் எடையும் தெரியும். ஆராவமுதன் எழுதினால் அந்தக் கப்பலில் இருக்கிற சமையற்காரனுக்கு ஊரில் எத்தனை பிள்ளைகள் என்பது தெரியும். இரண்டும் சேர்ந்துதான் கதை நின்றது. இது தாமோதரனுக்கு அப்போது புரியவில்லை.

சின்னச் சின்ன நெருடல் ஆரம்பத்திலேயே இருந்தது. தாமோதரன் அத்தியாயத்தில் திருக்கை இருளில் விரிந்து கிடக்கும், வால் விறைத்து நிற்கும். ஆராவமுதன் அத்தியாயத்தில் அதே திருக்கை நீளும், பற்றும், சில சமயம் இரக்கப்பட்டு விட்டுவிடும். செய்யூரிலிருந்து மீரா என்று ஒரு பள்ளி ஆசிரியை கடிதம் எழுதினார். எட்டாம் அத்தியாயத்தில் திருக்கை எதிரியைப் பிடித்துவிட்டு விடுவித்தது, ஒன்பதாம் அத்தியாயத்திலோ அதைத் திருப்பி அழைக்கவே முடியாது என்கிறீர்கள், எது சரி என்று கேட்டிருந்தார். தாமோதரன் உட்கார்ந்து ஏவுகணைக்கும் திருக்கைக்கும் ஓர் ஒப்பீட்டு அட்டவணையே போட்டார். எடை, வேகம், தூரம், வெப்பம், கப்பலுக்கு எத்தனை, திரும்புமா திரும்பாதா. டீச்சர் அதை முழுப் பக்கத்தில் அச்சிட்டார். கடைசி வரியில் திருக்கை திரும்பாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. ஆராவமுதன் அதைப் படித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, கருணை இல்லாமல் அது எப்படித் திருக்கை ஆகும் என்று மட்டும் கேட்டார். தாமோதரன் அதைக் கவிதைப் பேச்சு என்று ஒதுக்கிவிட்டார்.

தொண்ணூற்றாறு நவம்பரில் விஷயம் முற்றியது. இருபத்துமூன்றாம் அத்தியாயத்தின் முடிவில் நெடுங்கோ, வேறு வழியில்லாமல், தன் பழைய தோழி யாழ்மொழியின் கப்பல் வரப்போகிற பாதையில் திருக்கையைத் தள்ளிவிடுகிறான். தள்ளிய பிறகுதான் அவள் சமாதானம் பேச வருகிறாள் என்பது தெரிகிறது. திருப்பிக் கூப்பிட முடியாது. அதுதான் தாமோதரனின் சட்டம். இதற்காகத்தான் அந்தச் சட்டத்தையே இரண்டு வருஷம் செங்கல் செங்கலாக அடுக்கி வந்திருந்தார். அந்த அத்தியாயத்தை எழுதி முடித்த அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. வசந்தா உடம்புக்கு என்ன என்று கேட்டபோது, ஒரு பொண்ணு சாவப் போறா என்று மட்டும் சொன்னாராம்.

ஆராவமுதன் எழுதிக் கொண்டுவந்த இருபத்துநாலாம் அத்தியாயத்தில் அவள் சாகவில்லை. ஏவுகணைகள் நாலாப் பக்கமும் வர, திருக்கை மெல்ல வந்து, விரிந்து, யாழ்மொழியின் கப்பலை ஒரு குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு போய் ஓரமாக இறக்கிவிட்டது.

தாமோதரன் அதை பஸ்ஸிலேயே படித்தார். முகம் சிவந்துபோயிற்று. அவர் வாழ்நாளில் முழுப் பெயர் போட்டுச் செய்த ஒரே காரியம் அது. அதையும் ஒருவர் திருத்திக் கொடுத்துவிட்டார் என்றுதான் அவருக்குப் பட்டது. இத்தனை வருஷம் மேலதிகாரிகளிடம் காட்டாத கோபத்தையெல்லாம் சேர்த்து இந்த ஒரு மனுஷர் மேல் கொட்டினார். கோபம் வந்தால் எங்கே காட்ட வேண்டும் என்பதில்கூடக் கோழையாக இருக்கிறவர்கள் உண்டு. அன்றைக்கு அவர் அப்படித்தான் இருந்தார்.

"சட்டம் தெரியாதவனுக்குக் கதை எதுக்கு சாமி?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "போய் உங்க அண்ணனாட்டம் கோயில்ல புளியோதரை குடுத்துகினு இரு."

ஆராவமுதன் காகிதங்களை வாங்கி மடித்துப் பையில் வைத்தார். எழுந்து போய், ஓடுகிற பஸ்ஸில் தள்ளாடி, முன்னால் சின்னையன் பக்கத்து ஒற்றை சீட்டில் உட்கார்ந்துகொண்டார். இருவரும் ஒத்துவராததால் டீச்சர் தொடரை இருபத்துமூன்றோடு நிறுத்தினார். மறுநாள் காலை தாமோதரன் வழக்கம்போலப் பக்கத்து சீட்டில் கர்ச்சீப்பைப் போட்டு வைத்திருந்தார். ஆராவமுதன் அதைப் பார்த்தார், தாண்டிப் போனார்.

அதற்குப் பிறகு நாலு வருஷத்துக்கு மேல் ஒரே பஸ், ஒரு வார்த்தை இல்லை. தாமோதரனுக்கு அந்தப் புளியோதரை வார்த்தை நெஞ்சில் உறுத்தாத நாளில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று எத்தனையோ தடவை எழுந்திருக்கிறார். ஆனால் கேட்டால் அத்தியாயத்தையும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று மறுபடி உட்கார்ந்துவிடுவார். வார்த்தை தப்பு, சட்டம் சரி, இரண்டையும் பிரித்து எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. புத்தி எவ்வளவு இருந்தாலும் சில மனுஷர்கள் இப்படித்தான் கோட்டை விடுவார்கள். இரண்டாயிரத்து ஒன்றில் ஆராவமுதனுக்குக் கல்பாக்கத்துக் குடியிருப்பில் வீடு கிடைத்தது. பஸ்ஸில் வருவதும் நின்றுபோயிற்று. தூரத்திலிருந்து அவர் பின்னந்தலையைப் பார்க்கிற ஆறுதலும் போனது.

இரண்டாயிரத்து இரண்டு நவம்பரில் பிரபாவதி டீச்சரிடமிருந்து போன் வந்தது. 'ஏழாம் மண்டல'த்தைப் புத்தகமாகப் போடப் போகிறாராம், அட்டைப்படம் வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். சனிக்கிழமை காலை தாமோதரன் செங்கல்பட்டில் இருந்த அச்சகத்துக்குப் போனார். சுவாதி என்ற பெண் கதை முழுவதையும் படித்து வரைந்த படமாம். கறுத்த வானம், நட்சத்திரங்கள், நடுவில் பெரிதாக விரிந்த ஒரு கை.

இது என்ன என்று தாமோதரன் கேட்டார். திருக்கை என்றார் டீச்சர், எழுதியவரே கேட்கிறாரே என்ற முகத்தோடு.

"அது கை இல்ல டீச்சர். மீனு. திருக்கை மீனு."

டீச்சர் நம்பவில்லை. திரு என்றால் தெய்வத்துக்குரியது, கை என்றால் கை, பெருமாளின் கையைக் கோயிலில் அப்படித்தான் சொல்வார்கள், இருபத்துமூன்று மாதம் பிழை திருத்தியது நான் என்றார். வால் என்று வந்ததெல்லாம் என்ன என்று தாமோதரன் கேட்டதற்கு, வால்நட்சத்திரம் மாதிரி பின்னால் வருகிற புகை என்று எடுத்துக்கொண்டாராம். அப்போது கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தெய்வநாயகி திரும்பினாள். கடலோரச் சதுரங்கப்பட்டினத்துப் பெண், முதல் அத்தியாயத்திலிருந்து அந்தக் கதையைத் தட்டச்சு செய்தவள்.

"எங்க வூட்ல திருக்கைனா மீன்தான் டீச்சர். நான் மொதல்லேருந்து மீனுன்னுதான் அடிச்சிகினு வந்தேன்" என்றாள். "ஒரு மாசம் வாலு வரும், ஒரு மாசம் வெரலு வரும். வேற மண்டலத்து மீனாச்சே, இருக்கும்னு வுட்டுட்டேன்."

தாமோதரன் பழைய இதழ்களை வாங்கிக்கொண்டு அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆராவமுதனின் அத்தியாயங்களை மட்டும் எடுத்து, மீனை மறந்துவிட்டு, கை என்று வைத்துப் படித்தார். இரண்டு, நாலு, ஆறு, எட்டு. ஒரு இடத்தில்கூடப் பிழை இல்லை. நீண்டது கை, பற்றியது கை, இரங்கி விட்டது கை. இரண்டு வருஷமும் அந்த மனுஷர் தன் பெருமாளின் கையை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். அப்படி எழுதியவரிடம், ஊர் கேட்க, போய்க் கோயிலில் புளியோதரை கொடு என்று சொன்னோமே என்று நினைத்தபோது தாமோதரனுக்கு உடம்பு கூசியது. அட்டையை என்ன செய்வது என்று டீச்சர் கேட்டது அவர் காதில் விழவில்லை. அச்சகத்தை விட்டு இறங்கி நடந்து, வந்து நின்ற முதல் கல்பாக்கம் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

குடியிருப்பில் ஆராவமுதன் வீட்டுக் கதவைத் திறந்தது காமு. வாங்கோ என்று சொன்னாள், ஆனால் வழிவிடவில்லை. ஆறு வருஷத்துக்கு அப்புறம் வழி தெரிந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள். உள்ளே ஆராவமுதன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. பேப்பரை மடிக்காமலே உட்காரச் சொன்னார். தாமோதரன் உட்காரவில்லை.

"சாமி, திருக்கைனா இன்னா?"

"இதென்ன கேள்வி. பெருமாளோட கை."

"நான் சொன்னது மீன். கோவளத்துல மணலுக்குள்ள கெடக்கும். சின்ன வயசுல என் கால்ல குத்திச்சி."

ஆராவமுதன் பேப்பரை மடித்து வைத்தார்.

"மீனுன்னு நீ சொன்னது ஞாபகம் இருக்கு" என்றார். "வானத்து மீன், நக்ஷத்ரம்னு நான் எடுத்துண்டேன். ஹஸ்தம்னாலும் கைன்னுதானே அர்த்தம். என் ஜன்ம நக்ஷத்ரம் அது. எனக்காக நீ பார்த்துப் பார்த்து அந்தப் பேரை வச்சேன்னு நெனச்சுண்டு இருந்துட்டேன்."

அந்தக் கலங்கிய கண்ணும், கையைப் பிடித்து அழுத்தியதும் இப்போதுதான் தாமோதரனுக்கு அர்த்தமாயிற்று. ஆனாலும் வந்த காரியத்தை விடவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் கோயிலைப் பற்றிச் சொன்னது தப்பு என்றார். அது மீனாக இருந்தாலும் கையாக இருந்தாலும், சட்டம் சரியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், தப்புத் தப்புதான் என்றார். ஆறு வருஷமாகப் பிரிக்க முடியாதது அன்றைக்குச் சுலபமாகப் பிரிந்து வந்தது.

"வலிச்சுது" என்றார் ஆராவமுதன். "இல்லேன்னு சொல்லமாட்டேன்."

காபியோடு வந்த காமுதான் முதலில் சிரித்தவள். ஒரு மீனுக்கா இத்தனை வருஷம் உருகினேள் என்று கேட்டுவிட்டு, டம்ளரைக் கீழே வைக்க முடியாமல் சிரித்தாள். ஆராவமுதனுக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்துக்கொண்டே எழுந்து போய்த் தடிமனான ஆங்கில அகராதியை எடுத்துவந்தார். டார்பிடோ என்ற சொல்லைத் தேடி விரலை வைத்துப் படித்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஆதியில் அந்தச் சொல்லே ஒரு மீனின் பெயராம், தொட்டால் மின்சாரம் பாய்ச்சுகிற ஒரு வகைத் திருக்கையாம். இத்தனை வருஷம் நூலகத்தில் உட்கார்ந்துகொண்டு இதை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லையே, நீ சொன்னதுதான் சரி என்றார்.

தாமோதரன் ஒப்புக்கொள்ளவில்லை. டீச்சர் புத்தகம் போடும் செய்தியைச் சொல்லிவிட்டு, அட்டையில் கைதான் இருக்கும், இருபத்துநாலாம் அத்தியாயமும் ஆராவமுதன் எழுதிய மாதிரியேதான் வரும் என்றார். ஆராவமுதன் தலையை ஆட்டி மறுத்தார். அதெப்படி முடியும், யாழ்மொழிதான் செத்துப்போய்விட்டாளே, சட்டப்படி மாற்றி எழுதி எத்தனையோ வருஷமாகிறதே என்றார். தாமோதரனுக்குப் புரியவில்லை. ஆராவமுதன் பீரோவைத் திறந்து மூன்று கனமான நோட்டுகளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

முதல் நோட்டைத் தாமோதரன் திறந்தார். இருபத்துநாலாம் அத்தியாயம் புதிதாக எழுதப்பட்டிருந்தது. திருக்கை திரும்பவில்லை. யாழ்மொழியின் கப்பல் இரண்டாகப் பிளந்தது. எழுதும்போது எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்பது அடித்து அடித்து எழுதிய வரிகளில் தெரிந்தது. பக்கத்தைத் திருப்பினார். 'அத்தியாயம் 25, தாமோதரன்' என்று தலைப்பு மட்டும் இருந்தது. அதன் கீழே ஒன்றுமில்லை. அடுத்த எட்டுப் பக்கமும் வெறுமை. அதற்கப்புறம் இருபத்தாறு, ஆராவமுதன் கையெழுத்தில் முழுவதும். பிறகு 'அத்தியாயம் 27, தாமோதரன்', மறுபடி எட்டு வெற்றுப் பக்கம். அடுத்த நோட்டையும் அதற்கடுத்த நோட்டையும் புரட்டினார். ஐம்பத்தெட்டாம் அத்தியாயம் வரை அப்படியே போயிற்று.

"இன்னா சாமி இது, நடுவுல நடுவுல காலியா கீது?"

"அதெல்லாம் உன் முறை" என்றார் ஆராவமுதன். "அதை நான் எப்படி எழுதறது?"

தாமோதரன் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். பேச்சே இல்லாத அந்த ஆறு வருஷமும் இந்த மனுஷர் மாதாமாதம் இல்லாவிட்டாலும் அவ்வப்போது உட்கார்ந்து, தன் பங்கை எழுதிவிட்டு, சண்டை போட்டவனின் பங்கை எண்ணி எண்ணிப் பக்கம் விட்டு வைத்திருக்கிறார். காமு காபி ஆறுகிறது என்றாள். தாமோதரன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, இருபத்தைந்தாம் அத்தியாயத்தின் தலைப்புக்குக் கீழே முதல் வரியை எழுதினார். பிளந்த கப்பலுக்குள் யாழ்மொழி கண் விழித்தாள் என்று எழுதினார்.

ஆராவமுதன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார்.

"சட்டம் இடிக்கறதே தாமோதரா" என்றார்.

"இடிக்கட்டும் சாமி" என்று சொல்லிவிட்டுத் தாமோதரன் அடுத்த வரிக்குப் போனார்.